தண்ணி இங்கே, கம்பி அங்கே

திருநெல்வேலி - தென்காசி ரயில் பாதைக்கு மேலே மின்கம்பி கட்டி முடித்தது 2020களின் தொடக்கத்தில். அப்போது ஜங்ஷன் பிளாட்பாரத்திலும் இணையத்திலும் இரண்டு விதமான பேச்சு கேட்டது. ஒன்று பெருமை. "பாத்தியளா, நம்ம ஊருக்கும் கரண்ட் ரயில் வந்துட்டு!" இதில் தப்பு ஒன்றும் இல்லை, பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று சமாதானம். "அந்தக் காலத்துல டெக்னாலஜியும் கெடையாது, கரண்டும் கெடையாது. அதான் லேட்டு."

இந்தச் சமாதானத்தைத்தான் விடக்கூடாது. படித்தவர்கள், ரயில் ரசிகர்கள், எஞ்சினியரிங் முடித்தவர்கள் கூட இதைச் சொல்கிறார்கள். சொல்பவர் பாபநாசம் அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு வந்து சொல்லும்போது இன்னும் வேடிக்கையாக இருக்கிறது. குளித்த இடத்துக்குப் பக்கத்திலேயே 1944இலிருந்து ஒரு நீர்மின் நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் வருவதில்லை.

சரி, முதலிலிருந்து வருவோம்.

தமிழ்நாட்டில் மின்சார ரயில் முதலில் ஓடியது சென்னையில், 1931இல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி நடத்திய பீச் - தாம்பரம் மீட்டர்கேஜ் பாதை அது. நீளம் 29 கிலோமீட்டர். கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1925 பிப்ரவரி 3ஆம் தேதி, பம்பாயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு இதே 1,500 வோல்ட்டில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியிருந்தது. ரயில் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் தேதிகளை எழுதுவார்கள், கொடியசைத்த கவர்னர் பேரை எழுதுவார்கள், பெட்டி எந்தக் கம்பெனியில் செய்தது என்று எழுதுவார்கள். எழும்பூரிலும் மீனம்பாக்கத்திலும் கட்டிய இரண்டு துணைமின் நிலையங்களை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் ரயிலை ஓட்டியதே அந்த இரண்டும்தான். தாமிரபரணிப் பக்கம் ஏன் கம்பி வரவில்லை என்ற கேள்விக்குப் பதிலும் அங்கேதான் கிடக்கிறது.

ஊருக்குள் வரும் மின்சாரம் மாறுமின்சாரம். அன்றைய ரயில் மோட்டார்களுக்கு வேண்டியது நேர்மின்சாரம். இன்று இதை மாற்றுவதற்குக் கையளவு சிலிக்கான் டயோடு போதும், ஒவ்வொருவர் செல்போன் சார்ஜரிலும் அது இருக்கிறது. 1931இல் சிலிக்கான் டயோடு கிடையாது. அதனால் எழும்பூரிலும் மீனம்பாக்கத்திலும் சுழல் மாற்றிகளை வைத்தார்கள். ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் ரோட்டரி கன்வெர்ட்டர். பார்க்க ஒரு பெரிய மோட்டார் மாதிரி இருக்கும். அச்சின் ஒரு பக்கத்தில் வழுக்கு வளையங்கள், அவற்றின் வழியே மாறுமின்சாரம் உள்ளே போகும். மறுபக்கத்தில் செம்புப் பட்டைகள் அடுக்கிய கம்யூட்டேட்டர், அதன்மேல் உரசும் கார்பன் பிரஷ்கள் வழியே நேர்மின்சாரம் வெளியே வரும். நடுவில் இருக்கும் ஆர்மெச்சர் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம், சூடு, பொறி. பிரஷ் தேயும், மாற்ற வேண்டும். கம்யூட்டேட்டரில் சுடர் பாய்ந்தால் எந்திரமே கெட்டுப்போகும். பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், ஒன்று நின்றால் ஓட்டுவதற்கு இன்னொன்று ஸ்பேராகவும் இருக்க வேண்டும்.

29 கிலோமீட்டருக்கு ஏன் இரண்டு நிலையம்? எட்டாம் வகுப்புக் கணக்குதான். 400 கிலோவாட் இழுக்கும் ஒரு ரயிலுக்கு 1,500 வோல்ட்டில் சுமார் 267 ஆம்பியர் வேண்டும். அதே ரயில் 25,000 வோல்ட்டில் ஓடினால் 16 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாகும் மின்சாரம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. கம்பியின் தடை ஒன்றே என்று வைத்துக்கொண்டால் 1,500 வோல்ட்டில் வீணாவது சுமார் 280 மடங்கு அதிகம். ஆகவே 1,500 வோல்ட் கம்பியை நீளமாக இழுத்துக்கொண்டே போக முடியாது, இடையிடையே ஒரு துணைமின் நிலையம் வேண்டும். இல்லையென்றால் தாம்பரத்தில் ரயில் கிளம்பும்போது பெட்டிக்குள் விளக்கு மங்கும். :-)

இப்போது "கரண்ட் இல்லை" என்ற வாதத்துக்கு வருவோம்.

1931இல் சென்னையில் அருவி ஏதாவது இருந்ததா? நிலக்கரிச் சுரங்கம்தான் இருந்ததா? இரண்டும் கிடையாது. அன்றைக்கு நகரத்துக்கு மின்சாரம் வந்தது பேசின் பிரிட்ஜில் நிலக்கரியை எரித்து. அந்த நிலக்கரியும் வெளியிலிருந்து வந்தது. சென்னை மாகாண அரசின் முதல் பெரிய நீர்மின் நிலையமான பைக்காரா ஓட ஆரம்பித்ததே 1932இல்தான், அதாவது தாம்பரம் ரயிலுக்கு அடுத்த வருஷம். ஆக, சொந்தமாக எந்த எரிசக்தியும் இல்லாத ஊருக்கு மின்சார ரயில் முதலில் வந்தது. 1880களிலிருந்தே தண்ணீர் விசையில் பஞ்சாலை ஓடிக்கொண்டிருந்த ஊருக்கு 2020களில் வந்தது. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி கம்பெனி மில் வைத்தது எதற்காக? பாபநாசத்தில் விழும் தண்ணீருக்காக. செங்கோட்டை வரை ரயில் வந்த 1903ஆம் ஆண்டுக்கு முன்பே இந்த ஆறு எந்திரம் ஓட்டப் பழகிவிட்டது.

"ஆத்துத் தண்ணிய வச்சு ரயில் ஓட்டுறதா? அதெல்லாம் அப்ப எவனுக்குத் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். தெரிந்திருந்தது. இத்தாலியின் வடக்கே அத்தா என்று ஒரு ஆறு, ஆல்ப்ஸ் மலையில் பிறந்து வால்தெல்லினா பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் 1902இல் மின்சார ரயில் விட்டார்கள். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பாதை, மின்சாரம் அதே ஆற்றில் கட்டிய நிலையத்திலிருந்து. ஹங்கேரிக்காரரான கால்மான் கண்டோ, கான்ஸ் கம்பெனிக்காகச் செய்த வேலை. முக்கியமான விஷயம், அவர் நேர்மின்சாரத்தையே தொடவில்லை. 3,000 வோல்ட் மும்முனை மாறுமின்சாரத்தை நேராக எஞ்சினுக்கே கொடுத்தார். அதனால் வழியில் இருந்த துணைமின் நிலையங்களில் சுழலும் எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் போதுமானதாக இருந்தது. எழும்பூரில் சுழல் மாற்றி வைப்பதற்கு 29 வருஷம் முன்னால் நடந்தது இது.

மலையிலிருந்து இறங்கும் ஆறு, ஆற்றங்கரையோடு போகும் ஒற்றை ரயில் பாதை, மேலே தண்ணீர் விழும் இடம்... அத்தாவுக்குப் பதிலாகத் தாமிரபரணி என்று போட்டுப் படித்துப் பாருங்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஸ்டேஷன் பேரை மட்டும் மாற்றினால் போதும். காலமும் ஒன்றுதான், 1902, 1903.

இத்தாலிக்காரன் முறையில் கோளாறு இல்லாமல் இல்லை. மேலே ஒரு கம்பிக்குப் பதில் இரண்டு கம்பி வேண்டும், எஞ்சின் சில குறிப்பிட்ட வேகங்களில்தான் ஓடும். பிற்பாடு இத்தாலியே அதைக் கைவிட்டு 3,000 வோல்ட் நேர்மின்சாரத்துக்குப் போய்விட்டது. ஆனால் "டெக்னாலஜி இல்லை" என்பதும் "இருந்த டெக்னாலஜியில் தொந்தரவு இருந்தது" என்பதும் வேறு வேறு. சுவிட்சர்லாந்து இன்னொரு பாடம். முதல் உலகப்போரில் அவர்களுக்கு நிலக்கரி கிடைக்காமல் போனது. அந்தச் சூடு ஆறுவதற்குள் கோட்ஹார்ட் பாதைக்குக் கம்பி கட்டினார்கள். ரிட்டோம், ஆம்ஸ்டேக் என்று ரயில்வே தானே நீர்மின் நிலையம் கட்டிக்கொண்டது. 1922க்குள் எல்லாம் முடிந்தது.

இங்கே இரண்டாம் உலகப்போரில் அதே நிலக்கரித் தட்டுப்பாடு வந்தது. ரயில்களைக் குறைத்தார்கள், சில கிளைப் பாதைகளில் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். மதுரை - போடி பாதை அப்படிப் போனதுதான். அந்தப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல்தான் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அம்பாசமுத்திரம் ஸ்டேஷனிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம். அங்கே பிறந்த மின்சாரம் ஆலைகளுக்குப் போனது, ஊர்களுக்குப் போனது, மதுரைப் பக்கம் வரை போனது. தண்டவாளத்துக்கு மேலாகத் தாண்டித்தான் போனது. ரயில் மட்டும் கீழே வெளியூர்க் கரியைத் தின்றுகொண்டு போனது.

பாபநாசத்து மின்சாரம் ரயிலுக்குப் பத்தாது என்பார்கள். கணக்குப் போடலாம். ஒரு மீட்டர்கேஜ் பாசஞ்சருக்கு 1,000 குதிரைத்திறன் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், 746 கிலோவாட். திருநெல்வேலி - செங்கோட்டைக்கு நடுவே ஒரே நேரத்தில் மூன்று வண்டி முழு இழுப்பில் போனாலும் சுமார் 2.2 மெகாவாட்தான். பாபநாசத்தின் திறன் இன்று 32 மெகாவாட். 1944இல் இதைவிடக் குறைவு. பாதி என்றே வைத்துக்கொண்டாலும் ஏழில் ஒரு பங்கு கூட ரயிலுக்குத் தேவைப்பட்டிருக்காது.

இதைவிட நல்ல ஆட்சேபணை ஒன்று உண்டு. அதைச் சொல்வது ரயில்காரர்கள் அல்ல, விவசாயிகள். பாபநாசம் அணைத் தண்ணீர் முதலில் வயலுக்கு. கார், பிசானம் என்று இரண்டு பருவம், எட்டு அணைக்கட்டு, பதினோரு கால்வாய். கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை அந்தக் கால்வாய்களின் முறைப்படிதான் தண்ணீர் திறக்க முடியும், திறக்கிற தண்ணீர்தான் டர்பைனைச் சுற்றும். வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாத மாதத்தில் ரயிலுக்காகத் திறந்துவிடு என்று எந்த அதிகாரியும் கேட்டிருக்க முடியாது, கேட்டிருந்தால் கன்னடியன் கால்வாய்க்காரர்கள் சும்மா விட்டிருக்கவும் மாட்டார்கள். நியாயமான பேச்சு. ஆனால் பாபநாசம் தனித்தீவாக இருக்கவில்லை. பைக்காரா, மேட்டூர், பாபநாசம் மூன்றையும் கம்பியால் பிணைத்து ஒரே வலையாக்கிவிட்டார்கள். இங்கே தண்ணீர் குறைந்தால் அங்கிருந்து வரும். ஆலைக்கு வந்த மின்சாரம் ரயிலுக்கும் வந்திருக்கும்.

ஆக, மின்சாரம் இருந்தது, ஆறு இருந்தது, தெரிந்த முறையும் இருந்தது. அப்புறம் எது இல்லை?

துணைமின் நிலையத்துக்கான காசு. அது மட்டும்தான். சென்னைக் கணக்குப்படி ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு ஒரு சுழல் மாற்றி நிலையம் என்றால், திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் ஐந்தாறு நிலையம் வேண்டும். ஒவ்வொன்றிலும் எந்திரம், ஸ்பேர் எந்திரம், மூன்று ஷிஃப்டுக்கு ஆள். பீச் - தாம்பரத்தில் வண்டிக்குப் பின்னால் வண்டி போகும், எந்திரத்துக்கு எப்போதும் வேலை. இங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒரு பாசஞ்சர். மீதி நேரமெல்லாம் அந்த எந்திரம் யாருக்காகச் சுற்றும்? 1931இல் ஒரு கம்பெனி, லாபம் பார்க்கிற கம்பெனி, இதைச் செய்யவில்லை என்றால் அதில் சதி ஒன்றும் இல்லை. "நெல்லையை வஞ்சித்துவிட்டார்கள்" என்று 1931ஐக் காட்டி மீசை முறுக்குகிறவர்களும் கொஞ்சம் அடங்க வேண்டும். அன்று அது செலவுக்குக் கட்டாத வேலை.

கோபம் வர வேண்டியது 1931க்கு அல்ல, 1960களுக்கு.

1957இல் இந்திய ரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்சாரம் என்று முடிவெடுத்தது. பிரெஞ்சுக்காரர்கள் செய்து காட்டிய முறை. நேர்மின்சாரமாக மாற்றும் வேலையை எஞ்சினுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தரையில் இருக்கும் துணைமின் நிலையத்தில் சுழல் மாற்றி வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மரும் சுவிட்சும் போதும். அதுவும் 40, 50 கிலோமீட்டருக்கு ஒன்று இருந்தால் சமாளிக்கலாம். எழும்பூர், மீனம்பாக்கம் கணக்கு அன்றோடு காலாவதி. திருநெல்வேலி - செங்கோட்டைக்கு ஐந்தாறு எந்திரக்கூடம் என்ற செலவு, இரண்டே இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் யார்டுக்குச் சுருங்கிவிட்டது.

"மீட்டர்கேஜ்ல கரண்ட் எஞ்சின் ஓடாது" என்று ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. ஓடியது! 1960களில் பீச் - தாம்பரம் பாதையையே 25,000 வோல்ட்டுக்கு மாற்றினார்கள். அதோடு நிற்கவில்லை, தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் மீட்டர்கேஜில் கம்பி கட்டினார்கள். ஜப்பானிலிருந்து ஒய்ஏஎம்-1 என்ற மீட்டர்கேஜ் மின்சார எஞ்சின்கள் வந்தன. தெற்கே போகிற எக்ஸ்பிரஸ்கள் விழுப்புரம் வரை மின்சாரத்தில் போய், அங்கே எஞ்சின் மாற்றிக்கொண்டு, மீதி ராத்திரியைக் கரியிலோ டீசலிலோ கழித்தன. சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். அங்கிருந்து திருநெல்வேலிக்கு இன்னும் கிட்டத்தட்ட 490 கிலோமீட்டர். விழுப்புரத்தில் நின்ற கம்பி திருச்சிப் பக்கம் நகர்ந்தது 2010ஐ ஒட்டித்தான். நாற்பது வருஷத்துக்கு மேல்!

இந்த நாற்பது வருஷத்தில் தெற்கே மின்சாரம் இல்லாமல் இருந்ததா? 1979இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓட ஆரம்பித்தது, பிறகு ஐந்து அலகு, 1,050 மெகாவாட். கோதையாறு, சேர்வலாறு நீர்மின் நிலையங்கள் வந்தன. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் காடு மாதிரி முளைத்தன. 2013இல் கூடங்குளம் அணு உலையும் கட்டத்தோடு இணைந்தது. தண்ணீர், கரி, காற்று, அணு என்று நான்கு வகையிலும் மின்சாரம் எடுத்து வடக்கே அனுப்பிய மூலை இது. மின்சாரம் வடக்கே போன அதே திசையிலிருந்து டீசல் எஞ்சின் தெற்கே வந்துகொண்டிருந்தது. "கரண்ட் இல்லை" என்பவர் எந்த மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வண்டி குறைவு, அதனால் கம்பி வேண்டாம் என்பதுதான் இந்த நாற்பது வருஷமும் கைவசம் இருந்த ஒரே வாதம். டீசல் மலிவாக இருந்தபோது அதற்கு ஏதோ அர்த்தம் இருந்தது. 1973இல் எண்ணெய் விலை எகிறிய பிறகும் அதையே சொன்னது யோசிக்காமல் சொன்னது. மற்ற இடத்தில் நெரிசல் அதிகம், காசு முதலில் அங்கே என்று ரயில்வே சொன்னால் அது மறுக்க முடியாத பதில்தான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லட்டும். "உங்களுக்குக் கடைசியில்தான்" என்று சொல்வதற்குப் பதில் "டெக்னாலஜி இல்லை" என்று ஊர்க்காரர்களே அவர்களுக்காகப் பேசுவதுதான் தாங்க முடியாதது.

இப்போது கம்பி வந்துவிட்டது. துணைமின் நிலையமும் வந்துவிட்டது. எழும்பூர் சுழல் மாற்றியைப் போல அதற்கு மூன்று ஷிஃப்டில் பிரஷ் மாற்றத் தேவையில்லை. வேலி போட்ட ஒரு யார்டு, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர், ஜல்லி பரப்பிய தரை, தூரத்திலிருந்தே இயக்கும் சுவிட்ச். பத்து வண்டி ஓடினாலும் முப்பது வண்டி ஓடினாலும் கட்டிய செலவு ஒன்றுதான். அதாவது வண்டி கூடக்கூட ஒரு வண்டிக்கான செலவு இறங்கும். இவ்வளவையும் கட்டிவிட்டு அதன் கீழே இன்னும் ஒற்றைப் பாதை. காலையில் கடையத்திலிருந்தும் கல்லிடையிலிருந்தும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த வண்டியை விட்டால் பஸ்தான், அதற்கு ரயில் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். கூட இரண்டு வண்டி விடுங்கள் என்று கேட்டால் பதில் என்ன தெரியுமா? பயணிகள் போதாதாம். 1931இல் கம்பிக்குச் சொன்ன அதே வாதம், இப்போது வண்டிக்கு.

அன்றாவது சுழல் மாற்றியின் விலை என்று ஒரு காரணம் இருந்தது. இன்று டிரான்ஸ்ஃபார்மருக்குக் காசு கொடுத்தாகிவிட்டது, கம்பிக்கும் கொடுத்தாகிவிட்டது. அடுத்த முறை "டெக்னாலஜி இல்ல" என்று யாராவது ஆரம்பித்தால் வால்தெல்லினா, விழுப்புரம் இரண்டையும் சொல்லிவிட்டு, காலை எட்டரைக்குள் நெல்லை வந்து சேருகிற மாதிரி தென்காசியிலிருந்து இன்னொரு வண்டி எப்போது என்று கேளுங்கள்.